முப்புரம் எரிந்தது எங்கே? திருமந்திரப் பாட்டு ஒன்றைப் பற்றி

அதிகைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் திருமுறை படிக்கிறோம். சென்ற வாரம் திருமூலரின் திருமந்திரத்தில் அட்ட வீரட்டப் பகுதி, சிவனின் எட்டு வீரச்செயல்களைப் பாடுவது. இந்தப் பாட்டுக்கு விளக்கம் சொல்லும் முறை எனக்கு வந்தது.

அப்பணி செஞ்சடை ஆதி புராதனன்
முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்
முப்புர மாவது மும்மல காரியம்
அப்புரம் எய்தமை யாரறி வாரே

343-ஆம் பாட்டு. பதிப்புக்குப் பதிப்பு எண் முன்பின்னாக இருக்கும். 'அப்பு' என்றால் நீர். கங்கையை அணிந்த சடை. பொன், வெள்ளி, இரும்பு என மூன்று பறக்கும் கோட்டைகள், மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு என்று கதையைச் சொல்லிவிட்டு, அவை உயிரைக் கட்டும் மும்மலங்களான ஆணவம், கன்மம், மாயை என்று பொருளையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர் எழுந்து, "எல்லாம் உள்ளே நடப்பதுதான் என்றால் இந்தக் கோயிலை நாம் ஏன் சுற்றுகிறோம்?" என்று கேட்டார். ஏதோ பதில் சொன்னேன். அவர் முகத்தில் நிறைவு இல்லை. எனக்கும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னை அரித்தது வேறு ஒரு சொல். மூடர்கள். முப்புரக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். பனை மரத்தை நட்டு, உச்சிவரை காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். தீ வைத்ததும் ஓலை படபடவென்று வெடிக்கும். தள்ளி நின்றாலும் முகம் காந்தும். பொறிகள் தலைக்கு மேலே பறந்து இருட்டுக்குள் அணையும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பார், மூன்று கோட்டையும் எரிகிறது. சாமி சிரித்தார், எரிந்துபோயிற்று" என்பார்.

என் அம்மாவையா மூலர் மூடர் என்கிறார்? இதை உங்களிடம் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

நெய்தல் எழுதியது:

அதிகைவாசி ஐயாவுக்கு வணக்கம். அந்தச் சொல் என்னையும் பல நாள் உறுத்தியிருக்கிறது. ஆனால் உங்கள் மாணவரின் கேள்வியை அவ்வளவு விரைவில் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பகுதியின் எட்டுப் பாட்டையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். அந்தகன், தக்கன், சலந்தரன் கதைகள் முதலில் வருகின்றன. அந்தகன் வரத்தின் வலிமையால் உயிர்களை வருத்தினான், வானவர் வேண்டினார்கள், இறைவன் சூலம் எடுத்துக் கொன்றான் என்று கதையாகவே செல்கிறது. முப்புரத்துக்கு வந்ததும்தான் திடீரென்று திரும்பி 'மூடர்கள்' என்கிறார். அதன் பிறகு நடை முழுக்க உள்ளே போய்விடுகிறது. காலனை உதைத்த கடவூருக்கு அவர் சொல்வது:

மூலத் துவாரத்து மூளும் ஒருவனை
மேலைத் துவாரத்து மேலுற நோக்கிமுற்
காலுற்றுக் காலனைக் காய்ந்தங்கி யோகமாய்
ஞாலக் கடவூர் நலமாய் இருந்ததே

கதையில் காலால் உதைத்தார். இங்கே 'கால்' என்பதை மூச்சுக்காற்று என்று கொள்கிறார்கள். மூலாதாரத்துக் கனலை மேலே ஏற்றும் யோகம். ஆனாலும் 'ஞாலக் கடவூர்' என்று மண்ணில் இருக்கும் ஊரின் பெயரை அவர் விடவில்லையே! காமனை எரித்த பாட்டிலும் அருந்தவ யோகம் 'கொறுக்கை அமர்ந்ததே' என்று ஊர்ப்பெயரோடுதான் முடிக்கிறார். ஊர் வேண்டாம் என்று நினைத்தவர் ஊரைப் பாடியிருக்க மாட்டார். இதே மூலர்தான் கோயிலில் நாட்டிய இலிங்கத்தைப் பெயர்த்தால் அரசு நிலைகெடும் என்று எச்சரிக்கிறார். 'உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்' என்று பாடியவரும் அவரே. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

அகப்பொருள் சொல்வதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறேன். 'அதெல்லாம் உருவகம்' என்று சொல்லிவிட்டால் பாட்டு நம்மிடம் எதையும் கேட்காது. வெளிக்கோயிலுக்குப் போக வேண்டியதில்லை, உள்ளே இருப்பதையும் தொட வேண்டியதில்லை. கையில் ஒரு விளக்கம் மட்டும் மிஞ்சும். காந்தியடிகள் 1929-இல் தம் கீதை மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், அந்தப் போர் மனித உள்ளத்தில் ஓயாமல் நடக்கும் போர் என்றார். அப்படிப் படித்தவர் படித்தபடி, கலவரம் நடந்த நவகாளியில் வெறுங்காலோடு நடந்தார். அவர் சொன்னதை நாம் நம்புவது அதனால்தான்.

வழித்துணை எழுதியது:

நல்ல தொடக்கம். நான் சைவ சித்தாந்தம் முறையாகப் பாடம் கேட்டவன். இரண்டு சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 'மும்மல காரியம்'. நம்மில் பலர் இதை 'மும்மலம்' என்றே சொல்லிப் போய்விடுகிறோம். நீங்களும் அப்படித்தான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூலர் சொன்னது மலத்தை அன்று, மலத்தின் காரியத்தை. சித்தாந்தத்தில் ஆணவம் அநாதி. அது இல்லாமல் போவதில்லை. அதன் சத்திதான் ஒடுங்குகிறது. விளக்கு வந்தால் இருள் அடங்கி நிற்பதுபோல. எனவே எரிந்தவை கோட்டைகள். கோட்டை என்பது மலம் நம்மைச் சுற்றிக் கட்டி எழுப்புகிற ஒன்று. 'நான் செய்தேன்', 'எனக்கு வர வேண்டியது', 'இவன் இப்படிப்பட்டவன்' என்று நாள்தோறும் கல்லின்மேல் கல்லாக அடுக்குகிறோமே, அதுதான்.

இரண்டாவது, 'செற்றனன்'. இது இறந்தகாலம். என்றோ நடந்து முடிந்தது என்று சொல்பவர்களைத்தான் மூடர்கள் என்கிறார். கதையைச் சொல்பவர்களை அல்லர். முடிந்த கதை என்று எண்ணுபவர்களை.

நெய்தல் எழுதியது:

வழித்துணை ஐயா, 'காரியம்' பற்றி நீங்கள் சொன்னது இதுவரை எனக்குத் தோன்றாதது. நன்றி. ஆனால் காலத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. 'எய்தமை' என்பதும் இறந்தகாலத்தில் பிறந்த சொல்தானே? அம்பு எய்ததும் நடந்து முடிந்ததுதான்.

வழித்துணை எழுதியது:

நீங்கள் சொல்வதே சரி. திருத்திக்கொள்கிறேன்.

திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டாம் அடியில் 'என்பர்கள்'. நான்காம் அடியில் 'யார் அறிவாரே'. அங்கே சொல்லுதல், இங்கே அறிதல். வேறுபாடு காலத்தில் இல்லை. இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில் இருக்கிறது. பிறர் சொல்லக் கேட்டு நாமும் சொல்வது ஒன்று. அம்பு பாய்ந்ததைத் தன்னிடத்தில் அறிவது வேறொன்று. அப்படிப் பார்த்தால், 'மும்மல காரியம்' என்று கேட்டதைக் கேட்டபடி சொல்லும் நானும் 'என்பர்கள்' என்ற வரிசையில்தான் நிற்கிறேன்.

இன்னொரு சிறு குறிப்பு. 'அப்புரம் எய்தமை' என்பதை 'அப்பால் உள்ள நிலையை அடைந்தமை' என்று சிலர் விரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அழகான கருத்துத்தான். ஆனால் அடைந்ததைச் சொல்ல 'எய்தியமை' என்று வர வேண்டும். இங்கே இருப்பது எய்தமை, அம்பு எய்தது. சொல் இடம் கொடுக்காத இடத்தில் நம் அனுபவத்தை ஏற்றக் கூடாது.

பொருநைக்கரை எழுதியது:

எங்கள் வேதாந்த வகுப்பில் முப்புரத்தை வேறு விதமாகச் சொல்வார்கள். கைவல்ய உபநிடதத்தில் 'புரத்ரயே க்ரீடதி' என்று வருகிறது. சீவன் மூன்று ஊர்களில் விளையாடுகிறது. நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகியவையே அந்த ஊர்கள். மாண்டூக்கிய உபநிடதமும் பன்னிரண்டே மந்திரங்களில் இந்த மூன்றையும் சொல்லி, நான்காவதாக, அவற்றைக் கடந்த துரியத்தைக் காட்டுகிறது. மூன்று ஊரும் எரிந்தபின் எஞ்சுவது துரியம். நேரே பொருந்தவில்லையா?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். இந்த இழையை நான்கு நாளாகப் படித்து வருகிறேன். நான் செவிலியர். திருமுறையில் பயிற்சி இல்லை. அப்பா ஓதக் கேட்டு வளர்ந்தவள், அவ்வளவுதான். பொருநைக்கரை அவர்கள் துரியம் என்று எழுதியதைப் பார்த்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வார்டில் நினைவு திரும்பாமல் ஒரு பெரியவர் இருந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அவர் துரியாதீதத்தில் இருக்கிறார், கொடுத்து வைத்தவர்" என்று அவருடைய மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியா சிஸ்டர்? இவர் அங்கே நிம்மதியாக இருக்கிறாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே அப்படி நூல்களில் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிபவர்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. முதலில் மூச்சின் ஓட்டம் மாறும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புருவம் அசையும். பிறகு உதடு. பிறகு வலி தெரிந்து முகம் சுளிக்கும். பேச்சு குழறும், அங்கே இல்லாத யாரையோ கூப்பிடுவார்கள். கடைசியாகத்தான் வெட்கம் வரும், விலகிய துணியை இழுத்து மூடிக்கொள்வார்கள். அதற்கும் பிறகு, "என் சங்கிலி யாரிடம் இருக்கிறது?" என்று கவலை. ஒரு மனிதர் படிப்படியாக வந்து தம் வீட்டுக்குள் நுழைவதுபோல இருக்கும். நீங்கள் எல்லோரும் புத்தகத்தில் படிப்பது இதைத்தானா?

வழித்துணை எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். முதலில் அந்த அம்மாவின் கேள்வி.

வேதாந்தத்தில் துரியம் மேலான நிலை. சித்தாந்தத்தில் அதே பெயர்கள் இருக்கின்றன, ஆனால் கணக்கு வேறு. திருமந்திரத்தின் எட்டாம் தந்திரம் உயிரின் நிலைகளான அவத்தைகளை விரிவாகப் பேசுகிறது. சாக்கிரம் (நனவு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்), துரியம், துரியாதீதம் என்று ஐந்து. உயிர் புருவநடுவிலிருந்து கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் என்று கீழே கீழே இறங்குகிறது. இறங்க இறங்க, புலன், மனம், மூச்சு போன்ற கருவிகள் கழன்றுபோகின்றன. சாக்கிரத்தில் 35, சொப்பனத்தில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் உயிர் மட்டும். இதற்குக் கீழாலவத்தை என்று பெயர். அந்தத் துரியாதீதம் பேரின்பம் அன்று. அறிவு ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் நிலை. இதே ஐந்து பெயர்களும் திருவருள் கூடும் நின்மல அவத்தையில் மறுபடியும் வருகின்றன. அங்கே பொருள் அடியோடு மாறிவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பி, நினைவிழந்து கிடப்பதை ஞானம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த உறவினர் ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நூல் சொன்னது அன்று.

பொருநைக்கரை அவர்களே, உங்கள் பொருத்தமும் இதனால்தான் இடறுகிறது. கைவல்ய உபநிடதத்தின் முப்புரம் வேறு, மூலரின் முப்புரம் வேறு. அது அதனதன் வீட்டில் நிறைவான பொருள். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் இரண்டும் கெடும்.

அடுத்து, மயக்கம் தெளிவதைப் பற்றி. நீங்கள் பார்ப்பது இறங்கியவர் மீண்டும் ஏறி வருவதை. துரியத்தில் உயிரோடு இருப்பது பிராணன் ஒன்றே. நீங்கள் முதலில் எழுதியதும் மூச்சைத்தான். அடுத்து சுழுத்தியில் சித்தம் சேர்கிறது. பெயருக்குப் புருவம் அசைகிறது. இல்லாதவரைக் கூப்பிடுவது சொப்பனம். சங்கிலியைத் தேடும்போது 35-ம் வந்து சேர்ந்துவிட்டன. மருத்துவத்துக்கு இது விளக்கம் ஆகாது, அதற்கு நான் தகுதி உடையவனும் அல்லன். ஆனால் நான் பல ஆண்டுகள் மனப்பாடமாக ஒப்பித்த எண்களுக்கு ஒரு முகம் கிடைத்தது இன்றுதான்.

இரவுப்பணி எழுதியது:

நன்றி ஐயா. அந்த அம்மாவிடம் நான் அன்று, "அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள் அம்மா" என்று மட்டும் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன்.

நெய்தல் எழுதியது:

இந்த இடத்தில் ஒரு கேள்வியை வைக்கிறேன். திருப்புன்கூர்ப் பதிகத்தில் சுந்தரர், 'மூவெயில் செற்ற ஞான்று உய்ந்த மூவரில்' இருவரைக் கோயில் வாயில் காவலர் ஆக்கி, மூன்றாமவனை இறைவனின் நடனத்துக்கு முழா முழக்க வைத்ததைப் பாடுகிறார். கோட்டை எரிந்தது, ஆனால் மூன்று பேர் பிழைத்தார்கள். முப்புரம் உள்ளே என்றால் இந்த மூவர் யார்? இதற்கும் ஒரு பட்டியல் போடப்போகிறோமா?

அதிகையில் வேறொன்றும் இருக்கிறது. நாவுக்கரசர் சூலை நோயால் துடித்து, 'தோற்றாது என் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட' என்று பாடியது முப்புரம் எரித்த அந்தத் தலத்தில்தான். அந்த வலி உருவகம் இல்லை. குடல் வலி. அதே நாவுக்கரசர் பின்னாளில் 'காயமே கோயிலாக' என்று உள்பூசையைப் பாடினார். பாடிவிட்டு உழவாரத்தைக் கீழே வைத்துவிடவில்லை. கடைசிவரை கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். உங்கள் மாணவரிடம் இதைச் சொல்லுங்கள் ஐயா.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மூவர் பிழைத்த கேள்விக்கு எங்கள் ஊர் வழியாக ஒரு பதில் உண்டு.

எங்கள் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு உண்டு. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்வார். என் அப்பப்பா பயன் சொல்பவர். சூரபன்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அப்பப்பா அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் நின்று பேசுவது வேறு இடத்தில். போர்க்களத்தில் முருகன் பெருவடிவம் காட்டுகிறான். பார்த்த சூரனுக்கு ஒரு கணம் எல்லாம் தெளிகிறது. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்:

சூழுதல் வேண்டும் தாள்கள் தொழுதிடல் வேண்டும் அங்கை
தாழுதல் வேண்டும் சென்னி துதித்திடல் வேண்டும் தாலு
ஆழுதல் வேண்டும் தீமை அகன்றுநான் இவற்கு ஆளாகி
வாழுதல் வேண்டும் நெஞ்சம் தடுத்தது மானம் ஒன்றே

கால் வலம்வரத் துடிக்கிறது, கை கூப்பத் துடிக்கிறது, தலை தாழத் துடிக்கிறது. உடம்பு முழுவதும் சம்மதித்துவிட்டது. தடுத்தது மானம் ஒன்றே. பெருவடிவம் மறைந்ததும் தெளிவும் போகிறது, பழைய சினம் திரும்புகிறது. அப்பப்பா அந்தக் கடைசி அடியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்வார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அவர் யாரையும் பார்த்துச் சொல்ல மாட்டார், ஆனால் ஆளாளுக்குத் தலை குனியும்.

பிறகு மாமரமாய் நின்ற சூரன் இரண்டாகப் பிளந்து சேவலும் மயிலும் ஆகிறான். அவன் அழியவில்லை. சுமக்கிறான், கூவுகிறான். அதிகையின் மூவர் காவல் நிற்கிறார்கள், முழா அடிக்கிறார்கள். வழித்துணை ஐயா சொன்ன 'காரியம்' எரிந்து சத்தி ஒடுங்குவதும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மூவருக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை மாட்டத் தேவையில்லை.

பொருநைக்கரை எழுதியது:

'தடுத்தது மானம் ஒன்றே.' இந்தப் பாட்டை இதுவரை நான் கேட்டதே இல்லை. முப்புரத்தைப் பற்றி நான் எழுதியதை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். வழித்துணை ஐயா சொன்னபடி அதனதன் வீட்டில் வைத்துப் படிக்கிறேன்.

அதிகைவாசி எழுதியது:

ஒரு வாரமாக நான் எதுவும் எழுதவில்லை. மன்னிக்கவும்.

நல்லூரான் அவர்கள் எழுதியதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் தம்பிக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பைப் பங்கு பிரித்ததில் வந்த மனத்தாங்கல். யார் பக்கம் நியாயம் என்று இப்போது எழுதினால் மறுபடி ஒரு கல்லை எடுத்து வைப்பதாகும். அவன் மகள் திருமணத்துக்குப் பத்திரிகை வந்தது. சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து, திரும்ப உள்ளே போய்விட்டேன். கால் போகத்தான் துடித்தது.

மறுநாள் அம்மாவிடம் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எண்பத்தொன்று. சொக்கப்பனை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். நானும் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோது ஒரு கார்த்திகையன்று பம்பரத்துக்காகக் கட்டிப் புரண்டு சண்டையிட்டோமாம். இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டுபோய் நெருப்புக்கு எதிரே நிறுத்தி, "கோட்டையே எரிகிறது, நீங்கள் இரண்டு பேரும் இன்னும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்று கேட்டாராம். எனக்கு அது நினைவில் இல்லை. தீயும் பொறியும் நினைவில் இருக்கின்றன. அது மட்டும் இல்லை.

மூலரின் பாட்டை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. கரிந்த துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து நிலத்து மூலையில் போடுவோமே, அதை இப்போதும் யாராவது செய்கிறார்களா என்று அவர் கேட்டார். பிறகு சிறிது நேரம் கழித்து, வேறு எதையோ கேட்பதுபோல, "தம்பியிடம் பேசினாயா?" என்றார்.

மாணவர் நேற்று வந்திருந்தார். நாவுக்கரசரின் உழவாரத்தைப் பற்றிச் சொன்னேன். இந்த ஞாயிறு வகுப்புக்கு நான் வர மாட்டேன், பாட்டை அவரே படிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். தம்பி திருச்சியில் இருக்கிறான். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மா ஒரு பையில் முந்திரிப்பருப்பு கட்டி வைத்திருக்கிறார். அந்தத் தோப்பில் விளைந்தது.